மலையைக் கடந்த நீருக்குக் கட்டணம் கட்டியவர்கள்

தேக்கடியில் படகுச் சீட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் யானை பார்க்கவே வருகிறார்கள். கரையில் யானை தென்படலாம், தென்படாமலும் போகலாம். ஆனால் படகு நகரத் தொடங்கிய சில நிமிடங்களில் எல்லோருக்கும் தென்படுவது, நீருக்கு நடுவே நிற்கும் பட்டுப்போன மரங்கள். நூற்றாண்டுக்கும் மேலாக நீரில் நின்று கருத்துப்போன அந்த அடிமரங்கள்தாம், இது இயற்கை ஏரி அன்று என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி. காடு இருந்த இடத்தில் நீர் வந்து நின்றது. அந்த நீர் இங்கே தங்குவதற்காக நிறுத்தப்படவில்லை. மலையின் மறுபக்கம் போவதற்காக நிறுத்தப்பட்டது.

படகுச் சீட்டுக்கு நாம் தரும் பணம் கேரளத்துக்குச் சேர்கிறது. படகின் அடியில் இருக்கும் நிலத்துக்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்துவது தமிழ்நாடு. மேலே நிற்கும் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் அதற்கு அப்பாலும் போக வேண்டியது. நீரில் நீந்தும் மீனுக்கு வேறொரு ஒப்பந்தம். நீர் கீழே விழும்போது பிறக்கும் மின்சாரத்துக்கு இன்னொன்று. ஒரே ஏரிக்கு இத்தனை கணக்குகள் எப்படி வந்தன? மலையைக் கடக்கும் நீருக்கு யார் யார், எந்த வடிவில் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்? இந்தக் கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது அதைத்தான்.

படகு ஏறும் படிகள்

நீர்வழிக் கட்டணம் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது படகுக் கால்வாய்கள்தாம். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

மேடு பள்ளமான நிலத்தில் படகு போக வேண்டுமானால் கால்வாயைப் படிப்படியாகத்தான் வெட்ட முடியும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் படகை ஏற்ற இரண்டு கதவுகளுக்கு இடையே ஒரு தொட்டியைக் கட்டுவார்கள். படகு கீழ்க்கதவு வழியாகத் தொட்டிக்குள் வரும், கதவு மூடப்படும், மேலிருந்து நீரைத் தொட்டிக்குள் விடுவார்கள், நீரோடு படகும் உயரும், மேல் மட்டத்துக்கு வந்ததும் மேல்கதவு திறக்கும். இறங்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். இதைத்தான் ஆங்கிலேயர் லாக் என்றார்கள். ஆளும் நேரமும் நீரும் செலவாகும் வேலையாதலால், படகுக்காரர் அதற்குச் சுங்கம் செலுத்துவது உலகெங்கும் வழக்கம்.

சென்னை மாகாணத்துக்கும் இது புதிதன்று. 1801-இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய் 1806-இல் முடிந்தது. 1837-இல் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1876 தொடங்கி நாட்டை உலுக்கிய பெரும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசித்த மக்களைக் கொண்டே நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. கடலின் ஏற்றவற்றம் கால்வாயின் நீர்மட்டத்தைக் குலைக்காமல் இருக்க அங்கே லாக்குகள் வேண்டியிருந்தன. சேப்பாக்கத்தை ஒட்டி, அக்கால்வாயின் கரையில் லாக் நகர் என்ற பெயரில் ஒரு குடியிருப்பு இன்றும் உண்டு. உப்பும் விறகும் அரிசியும் அந்தக் கால்வாய் வழியே சென்னைக்கு வந்தன. படகுகளுக்கு உரிமம் கொடுக்கவும் சுங்கம் வசூலிக்கவும் 1890-இல் கால்வாய்கள், பொதுத் துறைகள் பற்றிய தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இங்கே துறை என்பது ஆற்றைக் கடக்கும் படகுத்துறை.

சர் ஆர்தர் காட்டன் காலத்துப் பொறியாளர்களுக்கு ஒரு பெருங்கனவு இருந்தது. பாசனத்துக்காக வெட்டும் ஒவ்வொரு கால்வாயும் படகுப் போக்குவரத்துக்கும் பயன்பட வேண்டும். விளைச்சலைத் தரும் நீரே அதைச் சந்தைக்கும் சுமந்து செல்ல வேண்டும். கோதாவரிக் கழிமுகத்தில் அது பலித்தது. கர்நூல் - கடப்பைக் கால்வாயில் தனியார் நிறுவனம் பெரும் பொருள் செலவிட்டும் பலிக்கவில்லை. 1882-இல் அரசு அதை வாங்கிக்கொண்டது. அதற்குள் இருப்புப்பாதை எங்கும் பரவிவிட்டது.

பெரியாற்றுத் திட்டம் உருப்பெற்றது இந்தக் கனவு தேயத் தொடங்கிய காலத்தில். கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், தேக்கடிக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே ஆயிரம் அடிக்கு மேல் உயர வேறுபாடு இருக்கிறது. எத்தனை கதவுகள் கட்டினாலும் அங்கே படகு ஏறாது. அங்கே பொறியாளர்கள் கடத்த நினைத்தது படகை அல்ல, ஓர் ஆற்றை. மேற்கே அரபிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து நிறுத்தி, நீர்மட்டத்தை உயர்த்தி, மலை முகட்டைத் துளைத்துக் கிழக்கே இறக்குவது. லாக் தொட்டியில் நீர் நிரம்பப் படகு உயர்வது போல, அணைக்குப் பின்னால் நீர் நிரம்பி, ஆறே உயர்ந்து முகட்டைக் கடக்க வேண்டும். அந்த வகையில் தேக்கடி ஏரி முழுவதுமே ஒரு பெரிய லாக் தொட்டி.

நூறாண்டு யோசனை

இந்த யோசனை ஆங்கிலேயருடையது மட்டுமன்று. 1798-இல் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவரப் பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பினார் என்று மதுரை மாவட்ட விவரச்சுவடி சொல்கிறது. முடியும் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கான பொருள் சமஸ்தானத்திடம் இல்லை. வைகையின் கடைமடையில் இருந்த நாட்டுக்குத்தான் அதன் தலைமடையைப் பற்றிய கவலை முதலில் வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1808-இல் காப்டன் கால்டுவெல் மலைக்குச் சென்று பார்த்து, இது ஆகாத காரியம் என்று எழுதினார். 1850-இல் சிறியதோர் அணை வேலை தொடங்கி, நோயாலும் கூலியாள் நிற்காததாலும் கைவிடப்பட்டது. 1860-களில் மேஜர் ரைவ்ஸ் விரிவான திட்டம் ஒன்றைத் தீட்டினார். பிறகு பஞ்சம் வந்தது. மதுரைச் சீமையும் இராமநாதபுரமும் பட்ட பாட்டுக்குப் பின் கோப்புகள் மீண்டும் திறக்கப்பட்டன. 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பணி ஜான் பென்னிகுக் என்ற இராணுவப் பொறியாளரிடம் வந்தது. 1887-இல் வேலை தொடங்கிற்று.

ஆனால் ஆறு இருந்தது திருவிதாங்கூரில். அணை கட்ட வேண்டிய இடமும் நீர் பரவ வேண்டிய காடும் அந்த அரசின் எல்லைக்குள். ஆகவே கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் முன்னால் தாள் வேண்டியிருந்தது.

ஏக்கருக்கு ஐந்து ரூபாய்

1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுச் செயலருக்கும் இடையே குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. மகாராஜா சார்பில் திவான் இராமையங்கார் கையெழுத்திட்டார். நீர் தேங்கும் பரப்புக்கு 8,000 ஏக்கர், வேலைக்காக மேலும் 100 ஏக்கர். 1886 ஜனவரி முதல் நாள் தொடங்கி 999 ஆண்டுகள். ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை.

அந்த வாடகை எப்படிச் செலுத்தப்பட்டது என்பது முக்கியமானது. திருவிதாங்கூர் 1805 உடன்படிக்கையின்படி பிரிட்டிஷாருக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்டிவந்தது. அந்தக் கப்பத்தில் 40,000 ரூபாய் கழித்துக்கொள்ளப்படும் என்று ஏற்பாடு. அதாவது, குத்தகைக்கு விட்டவர் கையில் பணமாக எதுவும் வரவில்லை. கொடுக்க வேண்டியதில் சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான். மேலாதிக்கம் செலுத்தும் ஒருவருக்கும் அவருக்குக் கப்பம் கட்டும் ஒருவருக்கும் இடையே நடந்த குத்தகை பேரமாக இருக்க முடியுமா என்ற கேள்வி கேரளத்தில் அன்றிலிருந்து இன்றுவரை கேட்கப்படுகிறது. அக்கேள்வியைத் தமிழ் வாசகர்கள் பகைமையின்றி எதிர்கொள்வது நல்லது என்று நாங்கள் நினைக்கிறோம். அதே வேளையில், மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீருக்கு, அது நிற்கும் நிலத்தைக் கணக்கிட்டு வாடகை கொடுத்த ஒப்பந்தம் இது என்பதும் உண்மை. நீருக்கு விலை வைக்கப்படவில்லை. நிலத்துக்குத்தான் வைக்கப்பட்டது. பின்னால் வந்த வழக்குகள் பலவற்றுக்கு வித்து இந்த இடத்தில் இருக்கிறது.

பத்திரத்தில் வராத ஒரு தரப்பும் உண்டு. மன்னான், பளியர் முதலிய குடிகள் அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். குத்தகைக்கு விடப்பட்ட ஏக்கர்களில் அவர்களுடைய வேட்டைக்காடும் தேன்மரமும் ஆற்றுத்துறையும் அடங்கியிருந்தன. அவர்களுக்கென்று எந்த வாடகையும் எழுதப்படவில்லை. பின்னாளில் அவர்களில் பலர் குமுளியை ஒட்டிய குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மூங்கில் தெப்பத்தில் போய் அந்த ஏரியில் மீன் பிடிப்பது மன்னான் மக்களின் பிழைப்பாக நீடிக்கிறது. சுற்றுலாப் படகுகளுக்கு நடுவே ஓரமாகப் போகும் அந்தத் தெப்பமே அங்குள்ள மிதவைகளில் மூத்தது.

சுண்ணாம்பு போன வழி

அணை கட்டுவதற்கு அமைந்த இடத்தைப் போல வசதியற்ற இடம் வேறில்லை. அருகிலிருந்த புகைவண்டி நிலையம் அம்மையநாயக்கனூர். இன்று அதைக் கொடைக்கானல் ரோடு என்கிறோம். அங்கிருந்து எழுபது மைலுக்கும் மேல், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் நீளம் முழுவதும் மாட்டுவண்டிகள் வந்தன. கூடலூருக்கு அப்பால் மலை. சுண்ணாம்பையும், செங்கல்லைச் சுட்டுப் பொடித்த சுர்க்கியையும் மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே ஏற்றினார்கள். மேலே தேக்கடிக்கு வந்த சரக்கு, அணை கட்டும் இடத்துக்குப் படகுகளில் போயிற்று.

தேக்கடியில் படகு விட்டதற்கு முதற்காரணம் உல்லாசமன்று, சுண்ணாம்பு. இன்று படகில் செல்வோர் கால்வைக்கும் வழி, ஒருகாலத்தில் சரக்கு போன வழியின் தொடர்ச்சி. வேறுபாடு ஒன்றுதான்: அன்று அது ஆறு, இன்று அந்த ஆறு பல பாகம் ஆழத்தில் கிடக்கிறது.

வேலையாட்கள் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரைச் சீமையின் பிற பகுதிகளிலிருந்தும் போனார்கள். சென்னைப் பயனியர் படைப்பிரிவினர் வந்தார்கள். கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள். மழைக்காலத்தில் தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மறுபடி கட்டினார்கள், மறுபடி அடித்துச் சென்றது. மழை ஓய்ந்ததும் மலேரியா வந்தது. ஆண்டில் சில மாதங்கள் காட்டில் யாருமே தங்க முடியாமல் இறங்கி வர வேண்டியிருந்தது. இறந்தவர்களில் ஒரு பகுதியினர் அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டார்கள். அந்த இடுகாடு காட்டுக்குள் இருக்கிறது.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முகட்டைத் துளைத்த சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. ஒரு மைலுக்குச் சற்று அதிகம். அதன் வழியே மேற்கு மலையின் மழை கிழக்கே இறங்கியது.

இரைச்சல் பாலம்

இந்த அமைப்பில் இருக்கும் நுணுக்கம் ஒன்றை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அணையில் நீர் இருந்தால் மட்டும் போதாது. சுரங்கத்துக்குள் புக வேண்டுமானால் நீர்மட்டம் 104 அடிக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் நீர் எவ்வளவானாலும் கம்பம் பள்ளத்தாக்குக்கு அது கண்ணால் பார்க்கும் நீர் மட்டுமே. லாக் தொட்டியில் பாதி நிரம்பிய நிலையில் மேல்கதவைத் திறக்க முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆகவே பள்ளத்தாக்கில் அடிக் கணக்கு என்பது பொறியாளர் பேச்சு மட்டுமன்று. கூடலூர், கம்பம் தேநீர்க் கடைகளில் காலை நாளிதழை விரிப்பவர்களின் கண் அணை நீர்மட்டப் பெட்டிச் செய்திக்குப் போவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

சுரங்கத்திலிருந்து வெளியே வரும் நீர் மலைச்சரிவின் மேலே போர்பை அணையில் தேங்கி, ராட்சதக் குழாய்கள் வழியே லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு விழுகிறது. மின்நிலையத்துக்குப் போகாத நீருக்குத் தனி வழி உண்டு. அந்த நீர் பாறைகளில் மோதி இறங்கும் இடத்துக்கு உள்ளூர் மக்கள் வைத்த பெயர் இரைச்சல் பாலம். எந்தப் பொறியாளரும் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க முடியாது. ஓசையைக் கேட்டே எவ்வளவு நீர் வருகிறது என்பதைக் கணிக்கும் மூத்தவர்கள் அந்தப் பக்கம் உண்டு.

அதன் பிறகு முல்லையாறு. பள்ளத்தாக்கின் பழைய வாய்க்கால்கள் பதினேழும் அதிலிருந்து பிரிகின்றன. உத்தமுத்து, பாளையம் பரவு, சின்னமனூர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் ஆயக்கட்டு. பதினேழுக்கும் சேர்த்து இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் முதல் நாள் நீர் திறப்பது வழக்கம். அப்பால் சுருளியாற்று நீரும் சேர்ந்து வீரபாண்டி வழியாக வைகைக்குப் போய், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பேரணையிலிருந்து மேலூர் வரை செல்கிறது. முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிய இராமநாதபுரம் இந்த வழியின் கடைசியில் இருக்கிறது.

இந்த வழி நெடுகிலும் படகு எங்கும் கிடையாது. ஆனால் மதகு உண்டு, மதகுக்கு ஆள் உண்டு, முறை உண்டு, தீர்வை உண்டு. எந்த வாய்க்கால் முதலில், எத்தனை நாள், கடைமடைக்கு எப்போது என்பவை அந்த வயல்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தவை. படகுக்காரன் லாக்கில் சுங்கம் கட்டியது போல, இங்கே உழவன் மதகுக்குத் தீர்வை கட்டினான். மலைமேல் குத்தகை வாடகையைச் சர்க்கார் கட்டியது என்றால், அந்தச் சர்க்காருக்கு இரண்டாம் போகத்தின் நெல்லை விற்றுக் கட்டியவர்கள் இவர்கள்.

மீனுக்கும் மின்னுக்கும்

நீரை மின்சாரம் எடுக்கப் பயன்படுத்தலாமா என்பதில் முதல் பெரும் வழக்கு எழுந்தது. பத்திரம் பாசனத்துக்காக எழுதப்பட்டது என்று திருவிதாங்கூர் வாதிட்டது. அன்றைய திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர், தமிழர்; தம்முடைய அரசுக்காகச் சென்னைக்கு எதிராக நின்றார். 1941-இல் நடுவர் சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி திருவிதாங்கூருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். நாடு விடுதலை பெற்று மாநிலங்கள் மாறிய பிறகு, 1950-களின் இறுதியில் லோயர் கேம்ப் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 140 மெகாவாட் வரை வளர்ந்தது.

கணக்கு எழுத்தில் நேரானது 1970 மே 29-இல். தமிழ்நாடும் கேரளமும் இரண்டு துணை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் என்பது முப்பது ரூபாய் ஆயிற்று. ஆண்டு வாடகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். மின்சாரத்துக்கு ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 12 ரூபாய். 35 கோடி அலகுக்கு மேற்பட்டால் 18 ரூபாய். பழைய பத்திரத்தின்படி தமிழ்நாட்டிடம் இருந்த மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது.

1979-இல் அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுந்து, 152 அடிவரை தேக்கிய அணையில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தும் பணிகள் நடந்தன. 2006 பிப்ரவரியில் 142 அடிவரை உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் சட்டம் இயற்றித் தடுத்தது. 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. அந்த ஆண்டு நவம்பரில், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, நீர் 142 அடியைத் தொட்டது.

அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு முதலாக ஆற்றங்கரையில் வாழ்பவர்களின் அச்சத்தைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மழை கனத்த இரவுகளில் அவர்கள் தூங்காமல் இருப்பதும் இந்த நீருக்கான கட்டணத்தின் ஒரு பகுதிதான். அதேபோல, அறுபதாண்டு நூறாண்டாக இந்த நீரை நம்பி வேர்விட்ட வாழ்க்கையை ஒரு சட்டத்தால் உலர்த்திவிட முடியாது என்று பள்ளத்தாக்கு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தின் தூக்கமும் மறுபக்கத்தின் நெல்லும் ஒரே அளவுகோலில், அடிக்கணக்கில் அளக்கப்படுவதுதான் இந்த வழக்கின் துயரம்.

படகுக்கும் துயரக் கணக்கு உண்டு. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பல மாநிலங்களிலிருந்து யானை பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

கண்ணகி என்னும் படகு

அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. ஆனால் அணைக்குப் போக ஏரி வழியே படகு வேண்டும். அல்லது வல்லக்கடவு வழியாகக் கேரளக் காட்டுப்பாதையில் அனுமதியோடு போக வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் அணைக்குச் செல்லப் பயன்படுத்தும் படகுக்குக் கண்ணகி என்று பெயர். யார் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாரோ, அவருக்கு இலக்கிய நினைவு நன்றாக இருந்திருக்கிறது. மதுரையை விட்டு வெளியேறிய கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து சேரநாட்டு மலையை அடைந்தாள் என்பது சிலம்பின் கதை. கூடலூருக்கு மேலே, இரு மாநில எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் பக்தர்களுக்குத் திறக்கிறது. இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசித்தான் அந்த ஒரு நாளும் நடக்கிறது. அவள் ஆற்றை எதிர்த்து ஏறிய வழியில்தான் பெரியாறு இறங்கி மதுரைக்குப் போகிறது. நீதி கேட்டு நடந்தவள் பெயரைத் தாங்கிய படகு அனுமதி கேட்டு நிற்கும் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

இனி, இந்தப் பள்ளத்தாக்கு தன் மனத்தில் எழுதி வைத்திருக்கும் கணக்குக்கு வருவோம். கம்பம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அணை பாதியில் நின்றபோது, பென்னிகுக் இங்கிலாந்துக்குப் போய்த் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டி முடித்தார் என்று. வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்திருக்கிறார்கள். சர்க்கார் ஒப்புதலோடு, சர்க்கார் செலவில் நடந்த வேலை என்பதே அவர்கள் கூறுவது. ஆனாலும் கதை குறையவில்லை. பாலார்பட்டி ஊரார் பொங்கலன்று பென்னிகுக் படத்தின் முன் பொங்கல் வைக்கிறார்கள். தைப்பொங்கலை ஒட்டி வரும் ஜனவரி 15 அவருடைய பிறந்தநாள். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு அரசு மணிமண்டபம் திறந்தது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு.

இந்தக் கதை ஏன் வேண்டியிருந்தது என்று நாம் யோசித்துப் பார்க்கலாம். கப்பத்தில் கழித்துக்கொள்ளப்பட்ட நாற்பதாயிரத்துக்கு யாரும் நன்றி சொல்ல முடியாது. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் என்ற பத்திரத்தின் முன் பொங்கல் வைக்க முடியாது. இத்தனை பெரிய நன்மை இத்தனை மலிவாகக் கிடைத்திருக்காது, யாரோ எதையோ இழந்திருக்க வேண்டும் என்று மக்கள் மனம் உணர்ந்திருக்கிறது. அந்த உணர்வு சரியானது. இழந்தவர்கள் உண்டு: காட்டில் காய்ச்சலில் செத்த கூலியாட்கள், வெள்ளத்தில் போனவர்கள், காடு நீருக்குள் போன குடிகள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் நிலைக்கவில்லை; ஆகவே அந்த இழப்பு முழுவதும் பெயர் தெரிந்த ஒருவரின் வீட்டு நகைப்பெட்டியில் போய்ச் சேர்ந்தது. கதை நிகழ்ச்சியில் தவறியிருக்கலாம். கடன் இருக்கிறது என்பதைச் சொன்னதில் தவறவில்லை.

தேக்கடிக்குப் போகும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. படகுச் சவாரி முடிந்து திரும்பும் வழியில் லோயர் கேம்ப்பில் சற்று நில்லுங்கள். மேலே அமைதியாகப் பார்த்த அதே நீர், கீழே இரைச்சல் பாலத்தில் என்ன சத்தம் போடுகிறது என்று கேளுங்கள். அங்கிருந்து கூடலூர் சாலையில் இறங்கினால், நீர் திறந்திருக்கும் மாதங்களில், இரு புறமும் நாற்று நட்ட வயல்கள் தொடங்கும். மேலே வாங்கிய சீட்டில் அச்சிட்ட தொகை படகுக்கு மட்டுமானது. நீருக்கான தொகை அந்தச் சீட்டில் இல்லை. அது பலர் பெயரில் பலவிதமாகக் கட்டப்பட்டு வருகிறது, இன்னும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தவணை இருக்கிறது.